சம்பந்தி கேட்ட நாலு ஸ்பேட்

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
12-3-1979

மகா கனம் பொருந்திய மச்சான் அரிகிருஷ்ணன் அவர்களுக்கு, தங்கை புருஷன் கோவிந்தசாமி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் தங்கள் தங்கை செல்வாம்பாளும் உடம்பளவில் சௌக்கியம். தங்கள் முழங்கால் வலி தேவலை என்று நம்புகிறேன்.

நிற்க. தாங்கள் விழுப்புரம் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் கற்று, லீவுக்கு வந்தபோதெல்லாம் எனக்கும் என் மகள் கமலாவுக்கும் சொல்லிக்கொடுத்த பிரிட்ஜ் ஆட்டத்தால் நேற்று என் வீட்டில் நடந்ததைத் தெரிவிப்பது என் கடமை. தங்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. ஆனால் குறை தங்கள் பேரில்தான்.

கமலாவுக்கு இருபத்தாறு முடிகிறது. இதுவரை வந்த நாலு வரனும் ஜாதகத்தோடு திரும்பிப் போனதைத் தாங்கள் அறிவீர்கள். ஐந்தாவதாக, கருவடிக்குப்பம் ஆதிமூலம் முசே தன் மகன் பலராமனை அழைத்துக்கொண்டு நேற்று நாலு மணிக்குப் பெண் பார்க்க வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா. பையன் கணக்கு வாத்தியார், வாயைத் திறந்தால் காசு கொட்டிவிடும் என்பது போல உட்கார்ந்திருந்தான், ஆனாலும் நல்ல களை. செல்வாம்பாள் கேசரி கிளறி, பஜ்ஜி போட்டு வைத்திருந்தாள். கேசரி வந்ததும் பெண்ணை வரச் சொல்வார் என்று பார்த்தால், மனுஷன் சட்டைப் பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்தார். "விசாரிக்கிறது வெவரம் கேக்குறது எல்லாம் தண்டம் முசே. ரெண்டு ஆட்டம் போட்டா குடும்பம் தெரிஞ்சிடும். நாலாவது கை யாரு?" என்றார். நான் என்ன கஷ்டகாலமோ, பெருமையாக, "எம் பொண்ணே ஆடும்" என்று சொல்லித் தொலைத்தேன். செல்வாம்பாள் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அவரும் மகனும் ஒரு ஜோடி, நானும் கமலாவும் ஒரு ஜோடி. டபுள் சொல்வதில் தங்கள் சட்டம் எனக்குத் தெரியும். எதிராளி இத்தனை பிடி எடுப்பேன் என்று சவால் விட்டால், நம் கையை எண்ணு, அவனால் முடியாது என்று தெரிந்தால் டபுள் சொல், மூஞ்சியைப் பார்க்காதே. முப்பத்தொரு வருஷம் மராமத்து இலாகாவில் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டினவன் மச்சான் நான், மூஞ்சியைத்தான் முதலில் பார்ப்பேன். மேலதிகாரிக்கும் பெண் பார்க்க வந்தவருக்கும், கையில் பதிமூணு துருப்பு இருந்தாலும் டபுள் சொல்லக்கூடாது, இது என் சட்டம். அதன்படி மூணு ஆட்டம் வாயே திறக்காமல் பாஸ் பாஸ் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். அவருக்குத் துணிச்சல் ஏறிப்போச்சு. நாலாவது ஆட்டத்துல மீசைய முறுக்கிக்கிட்டு "நாலு ஸ்பேட்"னார், அதாவது ஸ்பேட் துருப்பா இருக்க, பத்துப் பிடி எடுக்கிறாராம். நான் பாஸ். பையன் பாஸ். கமலா யோசிக்கிறா. அவ மூஞ்சில அப்படியே உங்க மூஞ்சி தெரிஞ்சிது மச்சான். வேணாம்னு சொல்ல, மேஜைக்கு அடியில காலை நீட்டி அவ காலை ஒரு மிதி மிதிச்சேன். பட்டாளத்துக் கால் நடுவுல நீட்டியிருந்தது எனக்குத் தெரியல. மிதிச்சது ஆதிமூலம் காலை.

அதே நேரத்துல கமலா ரொம்ப மரியாதையா, அவர் பாஷையிலயே, "கோந்த்ர்"னா. டபுளுக்கு அவங்க பட்டாளத்துல அதான் பேராம். கேட்ட ஆளு கோவப்படல. மகனைப் பாத்து லேசா சிரிச்சிட்டு, "சுர்கோந்த்ர்"னு திருப்பிப் போட்டார், முடியும் பார்னு டபுளுக்கு மேல டபுள். எல்லாரும் பாஸ். ஆட்டச் சட்டப்படி, கேட்டவரோட ஜோடிங்கறதால பையன் தன் சீட்டை விரிச்சி வெச்சான், எனக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு ஒண்ணும் தெரியல. ஸ்பேட்ல பெரிய சீட்டு அஞ்சு கமலா கையில. பத்து எடுக்கிறேன்னவர் ஆறு எடுத்தார். செல்வாம்பாள் பஜ்ஜித் தட்டோட வாசப்படியிலயே நின்னுட்டா. ஆதிமூலம் மகன் பக்கம் திரும்பி, "அப்புறம் எதுக்குடா தைரியமா ஏத்துன்னு காலை மிதிச்ச?"ன்னார். அந்தப் பையன் கேசரிய முழுங்கிட்டு, "இன்னிக்கி நான் மிதிக்கலப்பா"ன்னான்.

அந்த 'இன்னிக்கி'க்கு அப்புறம் யாரும் யாரையும் பாக்கல. மிதிச்சது நான்தான்னு சொன்னா எங்க குடும்பத்து யோக்கியதை தெரிஞ்சிடும், சொல்லாட்டி அவங்க குடும்பத்து யோக்கியதை தெரிஞ்சபடியே நிக்கும். நான் பஜ்ஜி எடுத்துக்கச் சொன்னேன். அவர் எடுக்கல. செருப்பை மாட்டிக்கிட்டு, சீட்டுக்கட்டைக்கூட எடுக்காம போயிட்டார். பையன் மட்டும் தெருமுனை வரைக்கும் ரெண்டு தடவை திரும்பிப் பாத்தான்.

ஆகவே மச்சான், தாங்கள் உடனே பஸ் ஏறி வந்து, கருவடிக்குப்பம் போய், இந்தப் பெண்ணுக்குக் கெட்ட புத்தி சொல்லிக்கொடுத்தது நான்தான் என்று ஆதிமூலத்திடம் ஒப்புக்கொள்ள வேண்டியது. அது பலிக்காவிட்டால், சீட்டு என்றால் என்னவென்றே தெரியாத வரன் ஒன்று தங்கள் பக்கம் பார்க்க வேண்டியது. கமலாவையும் கண்டிக்க வேண்டியது. நான் கேட்டதற்கு, "கையில அஞ்சு பிடிய வெச்சிக்கிட்டு வேற என்னப்பா சொல்லுவாங்க?" என்கிறாள். எனக்கு என் மகளை இன்னொருத்தர் வேண்டாம் என்று சொல்வதை ஐந்தாம் தடவை கேட்கத் தெம்பில்லை. தங்கள் வீட்டில் சின்னஞ்சிறுசுகளுக்கு என் ஆசிகள். பெரியவர்களுக்கு நமஸ்காரம்.

இப்படிக்கு,
தங்கள் பாடத்தால் பாதிக்கப்பட்ட
கோவிந்தசாமி

பி.கு.: உறையை ஒட்டும் முன் கமலா இதை வாங்கிப் படித்துச் சிரித்தாள். பையன் விரித்த சீட்டில் ஏழு டைமண்ட் இருந்ததாம், அப்பன் சுர்கோந்த்ர் சொன்னதும் அவன் 'ஐந்து டைமண்ட்' என்று துருப்பை மாற்றித் தாவியிருந்தால் அப்பன் தப்பித்திருப்பாராம், நம்மால் ஒன்றும் செய்திருக்க முடியாதாம். கணக்கு வாத்தியாருக்கு அது தெரியாமலா என்றேன். "தெரியும்பா. என்னை ஒருதரம் பாத்துட்டுதான் பாஸ் சொன்னாரு" என்றாள். ஆகவே தாங்கள் வர வேண்டாம், கண்டிக்க வேண்டாம், வேறு வரன் பார்க்க வேண்டாம். கருவடிக்குப்பத்துக்கு என்னவென்று சொல்லி அனுப்பட்டும் என்று கேட்டேன். "அவர மட்டும் வரச் சொல்லுங்க. சீட்டு வேணாம். பேசணும்" என்றாள்.