உச்சி டாக்டர்

எழுபதுகளில் காரைக்காலில் இருந்தவர்களில் உச்சி டாக்டரிடம் உச்சந்தலையைக் காட்டாதவர் ஒருவரும் இல்லை. நான் காட்டவில்லையே என்பவர்கள், அவர் பின்னால் வந்து நின்றதைக் கவனிக்காதவர்கள்.

கண் டாக்டர்தான். ஆனால் பஸ்ஸில் இடம் இருந்தாலும் உட்கார மாட்டார். உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பின்னால் நின்று, எட்டிக் குனிந்து, மேலேயிருந்து பார்ப்பார். காரைக்கால்மேட்டில் மீன் வாங்கப் போனாலும் இதே வேலை.

"தலையில பேன் பாக்குறியளா டாக்டரு?" என்றார் மீன்கார அம்மா.

"இல்லம்மா, கண்ண பாக்குறேன்."

"கண்ணு முன்னாடியில்ல இருக்கு?"

"முன்னாடி நின்னா ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். மேலேர்ந்து பாத்தாதான் எது வெளிய தள்ளுதுன்னு தெரியும்."

கண்குழிக்குள் அபூர்வமாகக் கட்டி வருமாம். அதைத்தான் தேடிக்கொண்டிருந்தார். ஊரில் ஒருவருக்கும் இல்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம் என்றுகூடப் பேசிக்கொண்டார்கள்.

என் அக்கா சாந்தியைப் பெண் பார்க்கத் திருமலைராயன்பட்டினத்திலிருந்து வந்தார்கள். அடுத்த வீட்டுக்காரர் என்று டாக்டரையும் அப்பா கூப்பிட்டிருந்தார். அக்கா கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

"பொண்ணுக்குக் கண்ணு நல்லா பெருசு," என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

டாக்டர் கேசரித் தட்டைக் கீழே வைத்தார். அக்காவுக்குப் பின்னால் போய், நெற்றியைப் பிடித்து நிமிர்த்தி, குனிந்து பார்த்தார்.

"ஒரு கண்ணுதான் பெருசு," என்றார்.

"டாக்டர் சார், காப்பி ஆறுது, வந்து உக்காருங்க," என்றார் அப்பா.

"பாப்பாவோட பழைய போட்டோ இருக்கா? ஸ்கூல்ல எடுத்ததா இருந்தாலும் பரவாயில்ல. அப்பவே இப்படியா, இப்பதான் தள்ளுதான்னு பாக்கணும்." சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்து அக்காவின் கண்ணோரத்து எலும்பில் வைத்து அளந்தார். அவர் நிமிர்ந்தபோது மாப்பிள்ளை வீட்டார் வாசலில் செருப்பு தேடிக்கொண்டிருந்தார்கள்.

அம்மா அழுதாள். "இனிமே என் வாசப்படிய மிதிக்காதிங்க," என்றார் அப்பா. மறுநாள் டாக்டர் கொல்லைப்பக்கமாக வந்தார்.

"கண்ணுக்குப் பின்னாடி கட்டி இருக்குங்க. மெதுவாத்தான் வளரும், வலிக்காது. ஆனா நரம்ப அமுக்கிடுச்சுன்னா பார்வை போயிடும். கல்யாணத்த அப்புறம் வச்சுக்கலாம்."

அப்பா வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள். "இடது கண்ணு கொஞ்ச நாளாவே மங்கலாத்தாம்ப்பா இருக்கு. கல்யாணம் நின்னுடுமேன்னுதான் சொல்லல."

அப்பா எழுந்து போய்ப் பழைய போட்டோவை எடுத்து வந்தார்.

டாக்டரே கூட வந்து மெட்ராஸில் சேர்த்தார். நெல்லிக்காய் அளவு கட்டியை எடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை. பார்வையும் பிழைத்தது. ஊர் திரும்பிய டாக்டர், பிள்ளை பிறந்த வீட்டுக்காரர் மாதிரி தெருவெல்லாம் கல்கண்டு கொடுத்தார்.

அடுத்து வந்த மாப்பிள்ளையை, ஜாதகம் பார்ப்பதற்கு முன்பே அப்பா அவரிடம் கூட்டிப்போய் உச்சியைக் காட்டினார். கல்யாணமும் நடந்தது.

வயதாகி மகனோடு இருக்க டாக்டர் கோயம்புத்தூர் கிளம்பிய அன்று தெருவே பஸ் ஸ்டாண்டில் நின்றது. முதல்முறையாக பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். அக்கா ஏறி அவருக்குப் பின்னால் போனாள். நெற்றியைப் பிடித்து நிமிர்த்தினாள். தன் இரண்டு கண்ணாலும் நெடுநேரம் பார்த்தாள்.

"ரெண்டும் சமமா இருக்கு டாக்டர். போயிட்டு வாங்க."