சவுந்தரத்துக்கு வாங்கிய சப்பாத்து

ஆயர் ஈத்தாம்,
வியாழக்கிழமை, சாயங்காலம்.

அன்பு மச்சான் கிளிஃபர்டுக்கு அத்தான் பெஞ்சமின் எழுதுவது. ஆண்டவருடைய இரக்கத்தால் இங்கே நான் சுகம். எங்கள் அடுக்குமாடியின் லிப்டும் இந்த வாரம் சுகம். செபராங் ஜெயாவில் நீயும் தங்கச்சி பிரிஸில்லாவும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க, ஜெபமாலையில் உங்கள் பெயரையும் சேர்த்துச் சொல்லி வருகிறேன். உன் அக்கா சவுந்தரம் மட்டும் சுகமில்லை. அது உனக்குத் தெரியும். தெரிந்ததால்தானே ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி அத்தனை சத்தம் போட்டாய்.

நீ கேட்டது ஒரே கேள்வி. "அத்தான், அக்கா எப்படி விழுந்தாங்க?" நான் "லைன் சரியில்ல, அப்புறம் பேசறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது மச்சான். உன் வீட்டு அடுப்படியில் மீன் பொரிகிற சத்தம்கூடக் கேட்டது. சரியில்லாமல் போனது என் தொண்டைதான். அதனால் எழுதுகிறேன். எழுதும்போது தொண்டை வேண்டியதில்லை.

உனக்கு என் குணம் தெரியும். ஆயுள் முழுக்கத் துறைமுகக் கிடங்கில் சரக்கு பார்த்தவன். கையில் எடுத்தால் கனக்க வேண்டும், கனக்கிற பொருள்தான் நல்ல பொருள் என்று நம்பி வாழ்ந்துவிட்டேன். எங்கள் கல்யாணத்துக்கு நான் வாங்கிய இரும்பு அலமாரியை மாடிக்குத் தூக்கிவந்தவர்களில் நீயும் ஒருத்தன். நான் மறந்தாலும் உன் இடுப்பு மறந்திருக்காது. இந்தக் குணம்தான் கடைசியில் உன் அக்காவைத் தரையில் தள்ளியது.

அவளுக்குப் பார்க்கின்சன் நோய் என்று டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததை நான் உன்னிடம் சொன்னதில்லை. முதலில் அவள் கோயில் பாடகர் குழுவுக்குப் போவதை நிறுத்தினாள், பாட்டுப் புத்தகம் கையில் ஆடுகிறதாம். பிறகு என்னோடு காய்கறி வாங்கப் பாசாருக்கு வருவதை நிறுத்தினாள். பிறகு யாராவது வீட்டுக்கு வந்தால், தாகமே இல்லை என்று சொல்லி, கோப்பிக் கோப்பையைத் தொடாமல் உட்கார்ந்திருப்பாள். வந்தவர்கள் போனதும் ஆறிப்போன கோப்பியை அடுப்படியில் நின்று இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பாள். நான் பார்க்கவில்லை என்று நினைப்பாள். நான் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித் தருகிற பெண் ஒருத்தி, சலேஹா என்று பெயர், கெலுகோர்க்காரி, ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அங்கிள், ஆன்ட்டிய வீட்டுக்குள்ளயே உக்கார வைக்காதீங்க. பிங்பாங் விளையாட வைங்க. இந்த நோய் உள்ளவங்களுக்கு அது நல்லது. உங்க ஃப்ளாட் பக்கத்து மண்டபத்துலயே நாங்க நடத்துறோம், கூட்டிட்டு வாங்கலா" என்றாள். "விழுந்துட்டா?" என்று கேட்டேன். "பக்கத்துல நீங்க நிப்பீங்கல்ல?" என்றாள்.

மச்சான், உனக்கே தெரியும், நான் ஈ அடிக்கிற மட்டையைத் தவிர வேறு மட்டை பிடித்தவன் இல்லை. அதனால் கீழ்வீட்டு யுகேந்திரனிடம் விசாரித்தேன். பேங்கில் வேலை பார்க்கிற பையன், எந்நேரமும் தோளில் ஒரு பையோடு விளையாடப் போவான். அவன் "பிங்பாங்லாம் பழசு அங்கிள். இப்ப பினாங்கு முழுக்க பிக்கிள்பால்தான். அதுக்கு வேண்டிய சாமான வாங்குங்க" என்றான். இரண்டும் ஒன்றுதான், பழசுக்குப் புதுப்பெயர் வைத்திருக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டு, டவுனில் காஜா மொய்தீன் பாயின் விளையாட்டுச் சாமான் கடைக்குப் போய் பிக்கிள்பால் பந்து கேட்டேன். அவர் எடுத்து வைத்த பந்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. பந்து முழுக்க ஓட்டை.

"என்ன பாய், பொத்தல் சரக்கைத் தள்ளிவிடப் பாக்குறீங்களா? நல்ல பந்தா எடுங்க."

"அண்ணே, ஓட்டை இருந்தாத்தான் அது பந்து. உள்ளுக்குள்ள விளையாட பெரிய ஓட்டை. வெளியில காத்து அடிக்கும்ல, அதுக்குச் சின்ன ஓட்டை. நீங்க எங்க விளையாடப் போறீங்க?"

உள்ளே என்றுதான் சொன்னேன். ஆனாலும் சின்ன ஓட்டை என்றால் சேதாரம் கம்மி என்று அதையே கட்டச் சொன்னேன். கூடவே பலகை மாதிரி ஒரு மட்டை, இருந்ததிலேயே கனமானது. வீட்டுக்குக் கொண்டுவந்து சவுந்தரத்தின் மடியில் வைத்தேன். அவள் மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பந்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து ஓட்டை வழியாக என்னைப் பார்த்தாள். "என்னங்க, இதுல டீ வடிகட்டலாம் போலிருக்கே" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் ரொம்ப நாளாகக் கேட்கவில்லை. சிரித்து முடித்துவிட்டு, "சலேஹா எங்கிட்டயும் சொன்னா, அது மேசையில விளையாடுறதுங்க. இது வேற" என்றாள்.

மறுபடி கடை. காஜா பாய் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார். ஆனால் மேசைப்பந்து மட்டையிலும் என் குணம் விடவில்லை. தடித்த ரப்பர் ஒட்டிய, கையில் கனக்கிற மட்டையாகப் பொறுக்கினேன். "அண்ணே, இது போட்டிக்குப் போறவங்க மட்டை. தொட்டாலே பந்து பாயும். அண்ணிக்கு லேசான மட்டை, மெல்லிசான ரப்பர் போதும். பந்து மெதுவா போனாத்தான் அவங்களுக்கு நிதானம் கிடைக்கும்" என்றார். நோயாளி என்பதால் மட்டமான பொருளைக் கொடுக்கப் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது. "எம் பொண்டாட்டிக்கு எது போதும்னு நான் சொல்றேன் பாய்" என்று வாங்கிவந்துவிட்டேன்.

முதல் நாள் மண்டபத்தில் நடந்ததை எப்படி எழுத. சவுந்தரம் தொட்ட முதல் பந்து சலேஹாவின் தலைக்கு மேலே பறந்து ஜன்னல் வழியாக வெளியே போய்ச் சாக்கடையில் விழுந்தது. அடுத்தது மின்விசிறியில் பட்டுத் திரும்பி வந்து காவல்காரரின் கோப்பிக்குள் இறங்கியது. அவர் பாவம், பந்தை எடுத்துத் துடைத்துக் கொடுத்துவிட்டுக் கோப்பியையும் குடித்தார். எல்லாரும் சிரித்தார்கள், கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் சவுந்தரம் மட்டையை மேசைமேல் வைத்துவிட்டு, ஆடுகிற வலது கையை இடது கையால் மூடிக்கொண்டு, "போதுங்க. வீட்டுக்குப் போலாம்" என்றாள். அப்போது சலேஹா தன் பையிலிருந்து ரப்பர் தேய்ந்துபோன ஒரு பழைய மட்டையை எடுத்து அவள் கையில் வைத்தாள். காகிதம் மாதிரி லேசானது. "ஆன்ட்டி, இதுல ஒரே ஒரு தடவ" என்றாள்.

மச்சான், அதன் பிறகு நான் பார்த்ததை நீ பார்த்திருக்க வேண்டும். சலேஹா மெதுவாகப் பந்தைத் தட்டினாள். பந்து வருவதைச் சவுந்தரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கை ஆடவில்லை. சோற்றுத் தட்டில் ஆடுகிற கை, ஜெபமாலையில் ஆடுகிற கை, தூங்குவதற்கு முன் என் கைக்குள் இருக்கும்போதும் ஆடுகிற கை, பந்து வந்துகொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. டொக் என்று பந்து திரும்பிப் போனது. மறுபடி வந்தது, மறுபடி போனது. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

அதிலிருந்து சனிக்கிழமை விளையாட்டு தவறினால் அவளுக்குப் பொறுக்காது. மண்டபத்துச் சுவர் வெள்ளை, பந்தும் வெள்ளை, கண்ணுக்குத் தெரியவில்லை என்றாள். ஓடிப்போய் ஆரஞ்சு நிறப் பந்து வாங்கிவந்தேன். நான் சரியாக வாங்கியது அது ஒன்றுதான். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

அவள் காலில் இருந்தது பழைய துணிச் சப்பாத்து. அடி மெல்லிசு, தட்டை. மண்டபத்துத் தரையோ பளபளவென்று டைல்ஸ். வழுக்கிவிடுவாளோ என்று எனக்கு ஒரே பயம். காஜா பாய் கடையில் தடித்த குதிகாலும் டயர் மாதிரி பல்லும் வைத்த ஒரு சப்பாத்து இருந்தது. தரையில் வைத்துத் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. எனக்குப் பரம திருப்தி. பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "அண்ணே, சொன்னா கேளுங்கலா. இது ஓடுற சப்பாத்து, நேரா போறதுக்குத்தான். மேசைப்பந்துக்குப் பக்கவாட்டுல கால் வைக்கணும், இவ்ளோ ஒசரத்துல கால் பொரளும். அண்ணியைக் கூட்டியாங்க, போட்டுப் பாத்து வாங்கலாம்." சலேஹாவும் சொன்னாள்: "ஆன்ட்டி கால தேச்சுத் தேச்சு நடக்கிறாங்க அங்கிள். தரைய ரொம்பப் பிடிக்கிற சப்பாத்து வேணாம், கால் மாட்டிக்கும்." எல்லாரும் சொன்னார்கள் மச்சான். வழுக்காத சப்பாத்து எப்படி ஆளைத் தள்ளும் என்று நான் கேட்டேன்.

வாங்கிவந்து சவுந்தரத்தின் காலில் மாட்டினேன். நான் குனிந்து கயிற்றைக் கட்டிவிட்டபோது, "நல்லா கனமா இருக்குங்க" என்றாள். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை விளையாடிக்கொண்டே இருந்தாள். நன்றாகத்தான் விளையாடினாள். ஒரு நொடியில் கால் தரையிலேயே நின்றுவிட்டது, உடம்பு மட்டும் போனது. நான் பக்கத்தில்தான் நின்றேன். கை நீட்டினேன். எட்டவில்லை. இடது மணிக்கட்டு உடைந்த சத்தம் பந்துச் சத்தம் மாதிரியே கேட்டது.

ஆஸ்பத்திரியில் தாதி கேட்டபோது சவுந்தரம் முந்திக்கொண்டு, "தர வழுக்கிடுச்சும்மா" என்றாள். வழுக்கவில்லை. அதுதான் விஷயமே.

நீ போனில் கடைசியாகச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அக்காவ எங்ககிட்ட விட்ருங்க அத்தான். இங்க மாடி இல்ல, பிரிஸில்லா நர்சு, பாத்துக்குவா. உங்களால முடியல." அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. இப்போது இல்லை. நீ சொல்வது நியாயம். அடுத்த வாரம் சனிக்கிழமை காடியை ஓட்டிக்கொண்டு வா. நான் பெட்டியைக் கீழே இறக்கி வைத்திருக்கிறேன். மட்டையையும் பந்தையும் யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லி யுகேந்திரனிடம் கொடுத்துவிட்டேன். இனி அவள் கண்ணில் அதையெல்லாம் காட்ட மாட்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. நீ வந்ததும் இருவரும் சேர்ந்து சொல்லலாம்.

பிரிஸில்லாவுக்கு எல்லாம் தெரியும், ஆனாலும் சொல்லிவைக்கிறேன். கோப்பையில் பாதிதான் ஊற்ற வேண்டும், மீதியைக் கேட்காமலே பிறகு ஊற்ற வேண்டும். சட்டைப் பொத்தான் போட உதவினால் கோபம் வரும், ஆனால் கழுத்துப் பொத்தானை மட்டும் போட விடுவாள். வாசற்படியில் சில நேரம் கால் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடும். அப்போது சீக்கிரம் வா என்று யாரும் சொல்லக் கூடாது, பின்னாலிருந்து தள்ளவும் கூடாது. நான் அவளுக்கு முன்னால் என் காலை நீட்டி வைப்பேன், அதைத் தாண்டுகிற மாதிரி அடியெடுத்து வந்துவிடுவாள். உங்கள் வீட்டில் யாராவது காலை நீட்டுங்கள். ராத்திரி கை ஆடினால் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை, பக்கத்தில் கை இருந்தால் போதும். அவளாகத் தேடிக்கொள்வாள்.

என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். பாசாரில் சாப்பாடு கிடைக்கிறது. ஞாயிறு பூசை முடிந்து பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போவேன்.

உன் வீட்டுக்கு மாதா துணை நிற்கட்டும். பிள்ளைகளின் நெற்றியில் எனக்காகச் சிலுவை போட்டுவிடு. பிரிஸில்லாவுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உன் அத்தான்
பெஞ்சமின்

பின்குறிப்பு: தம்பி, இதை எழுதுவது அக்கா. உன் அத்தான் ஸ்டாம்பு வாங்கக் கீழே போயிருக்கிறார். எழுத்து எறும்பு மாதிரி போகும், கண்ணாடி போட்டுப் படி. சனிக்கிழமை காடியைக் கொண்டுவராதே. நான் வரவில்லை. மட்டையை யுகேந்திரன் அன்றைக்கே என்னிடம் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டான், அரிசி டின்னுக்குப் பின்னால் இருக்கிறது. கட்டுப் பிரித்ததும் சலேஹாவோடு போய் எனக்கு ஏற்ற சப்பாத்தை நானே போட்டுப் பார்த்து வாங்கிக்கொள்வேன்.

நான் விழுந்ததற்குச் சப்பாத்தும் காரணம்தான். ஆனால் அன்றைக்கு நான் நல்லதாக ஒன்று அடித்தேன். எல்லார் முன்னாலும் இவர் ஓவென்று கத்திக் கை தட்டினார் தம்பி. கல்யாணமான நாளிலிருந்து இவர் எதற்கும் கை தட்டி நான் பார்த்ததில்லை. அந்த முகத்தைப் பார்க்கத்தான் சட்டென்று திரும்பினேன். அதை அவரிடம் சொல்லிவிடாதே, இனிமேல் கை தட்ட மாட்டார்.

மேசை வரைக்கும் நடக்க முடியாத நாள் ஒன்று வரும். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அன்றைக்கு நானே உனக்குப் போன் பண்ணுகிறேன். அப்போது எங்கள் இரண்டு பேருக்கும் இடம் வேண்டும். லிப்ட் சத்தம் கேட்கிறது, ஒட்டிவிடுகிறேன்.