குளியலறைக் கூரையில் பேருந்துக் கண்ணாடி

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு, தங்கள் மாப்பிள்ளை தலை நிமிராமல் எழுதும் கடிதம். இங்கு நாங்கள் நலம். அங்கு நீங்களும் அத்தையும் நலமா என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

நேற்றுக் காலை நீங்கள் டீகூடக் குடிக்காமல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோதே எனக்குப் புரிந்துவிட்டது. எல்லாம் அந்தக் குளியலறையால் வந்தது. எங்கள் வீடு தீப்பெட்டி மாதிரி. பட்டப்பகலிலும் விளக்குப் போட்டால்தான் சோப்பு கண்ணுக்குத் தெரியும். வெளிச்சமும் வேண்டும், பச்சையும் வேண்டும், கையையும் கடிக்கக் கூடாது என்று யோசித்து, பழைய சாமான் கடையிலிருந்து ஒரு பேருந்தின் முன்கண்ணாடியை வாங்கிவந்து, கூரையை உடைத்துப் பதித்தேன். மூலையில் ஒரு பெரணிச் செடியும் வைத்தேன். "மேலேருந்து தெரியாதா?" என்று உங்கள் மகள் கேட்டாள். "மேல யாரு இருக்கா, காக்காதானே" என்றார் கொத்தனார். நானும் தலையாட்டினேன். மறுநாள் குளிக்க நின்று நிமிர்ந்து பார்த்தால், பக்கத்து மாடியில் தையல்காரர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருக்கிறார். அன்றிலிருந்து, கூரைமேல் நட்ட கொடி கண்ணாடியை மூடும்வரை என்று, நாங்கள் குடை பிடித்துத்தான் குளிக்கிறோம் மாமா. ஒரு கையில் குடை, ஒரு கையில் சொம்பு, சோப்புப் போடக் கை இல்லை.

நீங்கள் வந்த அன்றே சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் நீங்கள் அந்தக் குடையை மடக்கி என் கையில் கொடுத்து, "ஏன் மாப்ள, குடைய யாராவது ஈரத்துல வைப்பாங்களா, கம்பி துருப்பிடிச்சிராது?" என்றீர்கள். எப்படிச் சொல்லுவேன்? சரிங்க மாமான்னு வாங்கி வச்சிட்டேன். தங்கியிருந்த நாளெல்லாம் நீங்கள் வாய்விட்டுப் பாடிக்கொண்டே குளித்தீர்கள். நான் கூடத்தில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முந்தாநாள் தையல்காரர் என்னைத் தெருவில் நிறுத்தி, "உங்க மாமனாருக்கு ஒரு சட்டை தச்சுத் தரேன் சார், நல்லாப் பாடுறாரு. அளவெல்லாம் எடுக்க வேணாம்" என்றார். பால் வாங்கப் போனவன் வாங்காமலே திரும்பி வந்துட்டேன். அதையே அவர் உங்களிடமும் சொல்லியிருப்பார். போனில் பேச எனக்குத் தைரியம் இல்லை. மன்னிச்சிருங்க மாமா. அத்தைக்கு மட்டும் தெரிய வேண்டாம்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் ஆசி எனக்கு இன்னும் மிச்சம் இருந்தால் ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் முகத்தில் விழிக்க முடியாத மாப்பிள்ளை

பி.கு.: இதை எழுதி முடித்தபோது உங்கள் மகள் போனை வைத்துவிட்டு வந்தாள். "அப்பாவுக்கு நம்ம பாத்ரூம் ரொம்பப் புடிச்சுப்போச்சாம். அதே மாதிரி போடத்தான் கொத்தனாரத் தேடி அவசரமா ஓடினாராம். கூரைய உடைச்சாச்சாம்" என்கிறாள். ஆகவே மேலே உள்ள எதையும் நான் எழுதவில்லை, தாங்களும் படிக்கவில்லை. உங்கள் பக்கத்து மாடியில் அந்தத் தட்டச்சு வகுப்பு இன்னும் நடக்கிறதா என்பதை மட்டும் உடனே தெரிவிக்கவும்.