யானை வரும் வழியில் மாமி

படம் போய்ச் சேர்ந்த இடத்தைப் பார்த்ததும் றிபாஸின் வாயில் இடியப்பம் அப்படியே நின்றுவிட்டது. கூட்டாளி அஷ்ரபுக்கென்று அனுப்பிய படம், 'சபூறா உம்மா குடும்பம்' என்ற வட்ஸ்அப் குறூப்பில் போய்க் குந்தியிருந்தது.

சபூறா உம்மா வேறு யாருமில்லை, அவனுடைய மாமி. கலியாணம் முடித்த நாள்தொட்டு அவன் குடியிருப்பதும் சாய்ந்தமருதில் அவர் வீட்டில்தான்.

றிபாஸ் கல்முனையில் புவியியல் படிப்பிக்கிறவன். ஆற்றையும் மலையையும் எத்தனை காலத்துக்குத்தான் வரைவது, மனிதர்களின் உறவையும் வரைபடமாக்கலாமே என்று அவனுக்கு ஒரு யோசனை. பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு முன் தன் குடும்பக் குறூப்பையே வரைந்து பார்த்தான். வயற்காரக் குடும்பமல்லவா, குறூப்பை ஒரு வயல் வட்டையாகவே போட்டான். ஆளுக்கொரு துண்டு, பெயரோடு. கதைத்துக்கொள்கிறவர்களுக்கு நடுவே வாய்க்கால், முகங்கொடுக்காதவர்களுக்கு நடுவே முள்வேலி. எதை அனுப்பினாலும் பதிலே போடாத மைமூனா சாச்சிக்கு உவர் நிலம். மாமியின் குரல் பதிவு ஒன்று வந்துவிட்டால் அதன்பிறகு ஒருவரும் தலைகாட்டுவதில்லை. ஆகவே மாமியின் துண்டில் 'யானை வரும் வழி'.

நட்டநடுவில், வட்டைக்கே தண்ணீர் திறந்துவிடும் வட்டவிதானையாக றிபாஸ். சும்மாவா? குறூப்பின் அட்மின் அவன். காலையில் வானிலை, பகலில் பொது அறிவு, யாராவது தப்பித்தவறி எழுதினால் எழுத்துப்பிழைத் திருத்தம் என்று அவன் பாய்ச்சிய தண்ணீருக்குக் குறைவேயில்லை. வந்த மாப்பிள்ளையை அட்மின் ஆக்கிய குடும்பம் இந்தக் கரையில் வேறு எங்கே இருக்கிறது என்று உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது.

உடனே படத்தை அழித்தான்.

"இஞ்சாருங்க, ஏன் முகம் பேயறைஞ்ச மாதிரி இரிக்கி?" என்று கேட்டாள் மனைவி ஹுஸ்னியா.

"ஒண்டுமில்ல. குறூப்புல ஒரு படம் மாறிப் போய்த்து. அழிச்சிட்டன்."

ஹுஸ்னியா தன் ஃபோனைத் திறந்தாள். "நீங்க அழிச்சது உங்கட ஃபோன்ல மட்டும். எண்டதுல பளிச்செண்டு தெரியிது. எல்லாரும் பாத்தும் போட்டாங்க." பிறகு கண்ணைச் சுருக்கினாள். "உம்மாட பேருக்குப் பக்கத்துல என்ன, யானையா?"

றிபாஸுக்கு உயிர் போய் வந்தது. அவசரத்தில் ஒரு பொய் கைகொடுத்தது. 'இது நமது வரிப்பத்தான்சேனை வயலின் வரைபடம்' என்று குறூப்பில் எழுதினான். அந்த வயலுக்கு யானை வருவதும் உண்மைதானே! ஒருவரும் பதில் போடவில்லை. தப்பித்தேன் என்று மூச்சு விட்டான். ஹுஸ்னியாவின் ஃபோன் மட்டும் ஓயாமல் கிணுகிணுத்தது.

"ஆரு?"

"தையல் கிளாஸ் குறூப்பு" என்றாள் அவள், நிமிராமலே.

அந்த வயல் மாமியின் தாயார் விட்டுப்போனது, இன்னும் பங்கு பிரிக்காமல் கிடப்பது என்பது அவனுக்கு நினைவு வந்தபோது பின்னேரத்து அஸர் தொழுகை முடிந்து, வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மாமியின் தம்பி றஸாக் மாமாவும் தங்கை மைமூனா சாச்சியும் ஒன்றாகவே வந்தார்கள். குறூப்பில் ஒரு சத்தமுமில்லை. ஆனால் எல்லாம் பேசி முடித்து வந்தவர்களைப் போல இருந்தது அவர்களின் நடை. மாமா கையில் படம், கலர் பிரிண்டாக.

"பங்கு போடுறதெண்டா எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லப்படாதா மருமகன்?"

"பங்கா? ஆர் மாமா பங்கு போட்ட?"

"பேர் போட்டிரிக்கி, வேலி போட்டிரிக்கி. மறுகா என்ன?"

சாச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "எனக்கு உவர்க் காணியா மகன்? நான் உங்களுக்கு என்ன கெடுதி செஞ்ச?"

அழுகையைக் கண்டால் றிபாஸுக்குப் புத்தி வேலை செய்யாது. "அழாதீங்க சாச்சி, உங்கள வாய்க்காலுக்குக் கிட்டப் போடுறன்" என்று பேனையை எடுத்து அந்தத் தாளிலேயே கோடு கீறிவிட்டான்.

"அது எண்ட துண்டு!" என்று பாய்ந்தார் மாமா.

அப்போதுதான் மாமி அறையிலிருந்து வெளியே வந்தார். கோபம் வந்தால் அவர் மருமகனோடு நேரே கதைப்பதில்லை, மகளைப் பார்த்தே கதைப்பார்.

"ஹுஸ்னியா, கேளுடி உண்ட மாப்பிள்ளைக்கிட்ட. எனக்கு யானை வாற வழியாம், அவருக்கு நட்டநடு வயலாம். வந்த மாப்பிள்ளை எங்கட உம்மாட காணிய அளந்து வேலியும் போட்டுட்டார்."

பெண்வீட்டில் வாழ்கிறவன் எந்தப் பேச்சையும் தாங்கிவிடலாம். காணிமேல் கண்வைத்தவன் என்ற பெயர் எடுத்தால் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. இவர்களில் ஒருவனாக வேண்டுமென்றுதானே இத்தனை பாடு! யானைக்காக ஏச்சு வாங்கினாலும் பரவாயில்லை என்று றிபாஸ் உண்மையைக் கொட்டினான்.

"வல்லாஹி மாமி, இது வயலே இல்ல! இது நம்மட குடும்பக் குறூப்பு. ஆர் ஆரோட கதைக்கிற, ஆர் கதைக்கிறல்ல எண்டு வரைஞ்சிரிக்கன். சாச்சி ஒரு பதிலும் போடுறல்ல, அதான் உவர். உங்கட வொய்ஸ் வந்தா எல்லாரும் ஓடுற, அதான்... அதான் யானை."

அடி விழப்போகிறது என்று கண்ணை மூடினான். விழவில்லை. திறந்து பார்த்தால், எல்லோரும் ஒருவரையொருவர் திகைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் பதில் போடுறல்லயா?" என்றார் சாச்சி. "விடிஞ்சாப் பொழுதுபட்டா நான் குறூப்புலதானே கிடக்கன்!"

"ஓம், இவள்ர கதையால எண்ட ஃபோனே நிறைஞ்சி போய்த்து" என்ற மாமா, தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எந்தக் குறூப்பு?"

ஹுஸ்னியாவுக்குத் திடீரென்று பலமாக இருமல் வந்தது. அக்காவின் இருமல் விளங்காமல், தேத்தண்ணித் தட்டோடு வந்த தங்கை ஹப்ஸா சொன்னாள்:

"அதான் மாமா, மச்சான் இரிக்கிறார் எண்டு நாம ஒருத்தரும் கதைக்காம வெச்சிரிக்கமே, அந்தக் குறூப்பு."