மூவர் கட்சியின் மாபெரும் பிளவு

பேருந்து நிறுத்தத்துக்கு ஒரு கூரை வேண்டும் என்ற ஒற்றைக் கோரிக்கைக்காகத் தொடங்கப்பட்ட கட்சிக்கு, சலவைக் கடையின் பின்னறையே தலைமையகம். தலைவர், அவர் மனைவியான பொருளாளர், மனைவியின் அண்ணனும் கடைக்காரருமான பொதுச்செயலாளர் என மூவர் அடங்கிய பேரியக்கம் அது. வெயிலில் பேருந்துக்கு நிற்பவர்கள் தேர்தல்தோறும் கொஞ்சம் வாக்குப் போட்டுவந்தார்கள். இந்த முறை நூறு வாக்குகளைத் தாண்டாவிட்டால் குடைச் சின்னம் பறிபோகும். குடை போய்விட்டால் தான் எதற்குத் தலைவர் என்பது தலைவருக்கே விளங்கவில்லை.

எனவே தேர்தல் வியூகர் ஒருவர் வரவழைக்கப்பட்டார். பெரிய கட்சி ஒன்றைத் தோற்கடித்த அனுபவசாலி. அவரை வேலைக்கு வைத்திருந்ததும் அந்தக் கட்சிதான். கட்டணம், தேர்தல் முடியும்வரை அவர் சட்டைகளுக்கு இலவச இஸ்திரி.

"உங்க கட்சி எப்பவாவது உடைஞ்சிருக்கா?"

"இல்லவே இல்ல," என்றார் தலைவர் பெருமையாக.

"அதான் கோளாறு. உடையாத கட்சியை யாரு சார் கட்சின்னு மதிப்பாங்க?"

"இருக்கறதே மூணு பேரு."

"சரிபாதியா உடையாது. ரொம்ப வசதி."

மறுநாள் கொள்கை முரண்பாட்டால் கட்சி பிளந்தது. எந்தக் கொள்கை என்பதை வியூகர் பிறகு தெரிவிப்பதாக இருந்தார். பொருளாளர் அண்ணன் அணிக்குப் போனார். நிருபர் முன்னால் மச்சான், வியூகர் எழுதிக்கொடுத்தபடியே, "சர்வாதிகாரி!" என்றார். தலைவருக்கு மெய்சிலிர்த்தது, வீட்டில் மின்விசிறியின் வேகத்தைக்கூட அவர் தீர்மானித்ததில்லை. ஆனால் எழுதியது முடிந்த பிறகும் மச்சான் நிறுத்தவில்லை.

"கொடியைத் துவைக்கறது நான், ஏத்தறது இவரா?"

"மச்சான், இது தாள்ல இல்லையே," என்று கிசுகிசுத்தார் தலைவர்.

"மனசுல இருந்துச்சு மாப்ளே."

அன்றோடு தலைவர் சட்டைக்கு இஸ்திரி நின்றது. உண்மையான கட்சி எது, கொடி யாருடையது, பின்னறைச் சாவி யாருடையது என்று இரு அணிகளும் தெருத்தெருவாக முழங்கின. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. மடிப்புக் கலையாத சட்டையில் வியூகர் பூரித்து நின்றார்.

வாக்குச்சாவடியில், மச்சானின் இஸ்திரிப் பெட்டிச் சின்னத்தைப் பார்த்ததும் தலைவருக்கு மனம் இளகிவிட்டது. பாவம், இதற்கு யார் போடுவார்கள்? அதையே அழுத்திவிட்டு வந்தார்.

முடிவு வந்தது. இஸ்திரிப் பெட்டிக்கு ஒரு வாக்கு. குடைக்கும் ஒன்று. சின்னம் போயிற்று.

பின்னறையில் மச்சான் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "கசங்கின சட்டையோட நின்னீங்களா, மனசு கேக்கலை. உங்களுக்குத்தான் போட்டேன்."

"நானும் உங்களுக்குத்தான் மச்சான்."

இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பொருளாளரைப் பார்த்தார்கள்.

"என்னை ஏன் பாக்கறீங்க? நான் ஜெயிச்ச கட்சிக்குப் போட்டேன். பஸ் ஸ்டாப்புக்குக் கூரை போடறேன்னாங்க."

"அது நம்ம கோரிக்கை!"

"நீங்க ரெண்டு பேரும் இந்தத் தடவை அதைப் பத்தி வாயே திறக்கலையே."



"ஒருவேளை அவங்க கூரையைப் போடாம விட்டுட்டா?" என்றார் தலைவர். குரலில் நம்பிக்கை துளிர்த்திருந்தது.

"போட மாட்டாங்க," என்று தைரியம் சொன்னார் பொருளாளர்.

மச்சான் பெட்டியைச் சூடாக்கினார். "சட்டையைக் கழட்டுங்க மாப்ளே."