ரகுபதி திறக்காத கேரியர்

"கேரியரைத் தொற."

"மாட்டேன்."

ஒரகடம் ரோட்டில் நட்டு போல்ட்டு செய்யும் கம்பெனி அது. வாட்ச்மேன் கோதண்டராமன் வேலைக்குச் சேர்ந்து ஒன்பதாவது நாள். பித்தளை நட்டுகள் தினமும் காணாமல் போய்க்கொண்டிருந்தன. எல்லோரும் போன பிறகு தனியாக வந்த ஃபிட்டர் ரகுபதி, சாப்பாட்டுக் கேரியரை மார்போடு அணைத்தபடி நின்றான்.

கோதண்டராமனின் அப்பா பிள்ளைப்பாக்கத்தில் தலையாரி. திருடனைத் தூணில் கட்டிவிட்டுத்தான் மணியக்காரரிடமே சொல்வார். மகன் கேரியரைப் பிடித்து இழுத்தார்.

"கைய எடு நாயினா. நான் சம்மதிக்காம என் பொருளை நீ தொடக்கூடாது. காக்கி போட்டா போலீஸா?"

"அப்ப உன்னை ரூம்ல வெச்சுப் பூட்டறேன்."

"பூட்டு. ஆளை அடைச்சு வெச்சேன்னு உன் மேலதான் கேஸு."

"கயித்துல கட்டறேன்."

"அது இன்னும் பெரிய கேஸு."

கோதண்டராமன் பூட்டையும் கயிற்றையும் கீழே வைத்தார். விட்டால் வேலை போகும், பிடித்தால் ஜெயில். இதற்கு மாடு மேய்க்கவே போயிருக்கலாம் என்று எரிச்சலாக வந்தது. மேனேஜருக்குப் போன் செய்தார்.

"உள்ளே நட்டு இருந்தா சரி," என்றார் மேனேஜர். "இல்லைன்னா நாளைக்கு நீ வராதே."

போன் செய்யாமலே இருந்திருக்கலாம்.

"இன்னாதான்யா நான் பண்றது?" என்றார் கோதண்டராமன், ரகுபதியிடமே.

"திருடறதைக் கண்ணால பாத்திருந்தா புடிச்சு வெச்சு ஒப்படைக்கலாம். வெறும் சந்தேகம்னா போலீசைக் கூப்புடு. அவ்ளோதான் உன் அதிகாரம்." ஸ்டேஷன் நம்பரையும் அவனே மனப்பாடமாகச் சொன்னான்.

ஜீப் வந்தது. ஏட்டு கேட்டதும் ரகுபதி மறுபேச்சில்லாமல் கேரியரைத் திறந்தான். மூன்று அடுக்கும் காலி. ஒன்றில் மட்டும் கறிவேப்பிலை ஒட்டியிருந்தது.

கோதண்டராமன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ரகுபதியோ யாரும் சொல்லாமலே ஜீப்பின் பின்பக்கம் ஏறி வசதியாகக் காலை நீட்டிக்கொண்டான்.

"அதான் ஒண்ணும் இல்லையே, ஏன் சார் இட்டுனு போறீங்க?" என்று கோதண்டராமன் ஜீப் டிரைவர் ஏசுதாஸைக் கேட்டார்.

ஏசுதாஸ் ஜீப்பைக் கிளப்பினார்.

"கம்பெனி பஸ்ஸை வுட்டா ரகுபதி எப்பவும் இதுலதான் வருவாரு, வூடு ஸ்டேஷனுக்குப் பின்னாலதான் கீது. வாட்ச்மேனுங்கதான் மாறிக்கினே இருக்கீங்க."