நூறு நாள் டெபாசிட்

மனிதகுலத்தின் பொருளாதார வரலாற்றையே புரட்டிப் போடப்போகும் அறிவிப்பு ஒன்று, செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணிக்கு, வாய் நிறையப் பற்பசை நுரையோடு வெளியிடப்பட்டது.

"பணத்தை நிதி நிறுவனத்துல போட்டுட்டேன்!" என்றார் தலைமை குமாஸ்தா.

துண்டோடு நின்ற மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எந்தப் பணத்தை?"

"வீட்டுப் பணத்தைத்தான்."

மூலை வீட்டை வாங்க வைத்திருந்த பணம் அது. இருபத்திரண்டு வருடம் ஜன்னலே இல்லாத வாடகைச் சமையலறையில் புகை குடித்து, அந்த அம்மாள் பிடித்துப் பிடித்துச் சேர்த்தது. மூலை வீட்டுச் சமையலறைக்கு இரண்டு ஜன்னல்கள். அந்த வீட்டின் சொந்தக்காரரான பல் டாக்டர், பத்து நாளில் பத்திரப் பதிவு என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

"பத்து நாள்ல எடுத்துடலாம்ல?"

"நூறு நாள் கழிச்சுத்தான். நடுவுல எடுத்தா வட்டி கிடையாது. ரிஸ்க்கே இல்ல, பேங்க்கை விடக் கால் சதவீதம் ஜாஸ்தி. பணம் சும்மா தூங்கக் கூடாதுடி, வேலை செய்யணும்."

"பணமாவது செய்யட்டும். ஆபீஸ்ல நீங்க தூங்குறது போதும்."

டாக்டரைப் பதிவைத் தள்ளிப்போட வைப்பது பெரிய விஷயமா என்ன? அன்று மாலையே போனார். "உங்க பத்திரத்துல எனக்குச் சின்ன சந்தேகம் சார். வக்கீல் பார்த்து முடிக்க மூணு மாசம் ஆகும்."

"சந்தேகமா? எங்கப்பா கட்டின வீடுய்யா இது!"

மறுநாள் கேட்டில் 'விற்பனைக்கு' என்று பலகை தொங்கியது. வியாழக்கிழமைக்குள் பதினோரு பேர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"ஏங்க, போய்ப் பணத்தை எடுத்துட்டு வாங்க."

"எடுத்தா வட்டி போயிடும்."

"வீடு போயிடுமே!"

"வீடு எங்க போகும்? அஸ்திவாரம் போட்டுக் கட்டியிருக்கு."

ஆனாலும் மெத்தைக் கடை வைத்திருக்கும் மச்சினனைக் கூப்பிட்டார்.

"நீ வீடு வாங்க வந்தவன் மாதிரி நடி. தினமும் போ, பேரம் பேசு, இழுத்தடி. மத்தவங்க ஒதுங்கிடுவாங்க. நூறாவது நாள் நீ வேண்டாம்னுடு, நான் உள்ள நுழைஞ்சுடுவேன்."

"என்னைப் பார்த்தா வீடு வாங்குற ஆள் மாதிரியா மாமா இருக்கு?"

அதற்காகத் தம் புதுச் சட்டையைக் கொடுத்தார். ஸ்கூட்டரைக் கொடுத்தார். டாக்டர் நம்பாமல் முன்பணம் கேட்டபோது, ஆபீஸ் சொசைட்டியில் கடன் வாங்கி அதையும் கொடுத்தார். எல்லாம் அந்தக் கால் சதவீதத்தைக் காப்பாற்ற.

நாற்பதாவது நாள், மச்சினன் பெரிய இனிப்புப் பெட்டியோடு வந்தான்.

"பத்திரம் முடிஞ்சுது மாமா!"

"யார் பேர்ல?"

"என் பேர்லதான். நீங்கதானே நிஜமா வாங்குறவன் மாதிரியே நடிக்கச் சொன்னீங்க? தினமும் போய்ப் போய் வீடு மனசுக்குப் பிடிச்சுப்போச்சு. கடன் போட்டேன், முடிச்சுட்டேன். உங்க முன்பணத்தை மாசாமாசம் கொடுத்துடறேன்."

மனைவி தம்பியை ஒரு முறையும் புருஷனை இரண்டு முறையும் பார்த்தாள். "டேய், மாடியை வாடகைக்கு விடுவியா?"

தலைமை குமாஸ்தா இடிந்துபோகவில்லை. வீடு போனால் என்ன, நிதி நிர்வாகத்தில் தாம் தோற்கவில்லையே! நூற்றோராவது நாள் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு நிதி நிறுவனத்துக்குப் போனார். வட்டியைப் பார்த்தார். அதில் பாதி சொசைட்டிக் கடன் வட்டிக்குப் போகும்; மீதியில் ஒரு புதுச் சட்டை எடுக்கலாம்.

"இன்னொரு நூறு நாளைக்கு அப்படியே போடும்மா" என்று கவுண்ட்டர் பெண்ணிடம் ரசீதை நீட்டினார். "வீடு, மண்ணுன்னு முடக்காம எவ்வளவு புத்திசாலித்தனமா போட்டிருக்கேன் பார்த்தியா? ஆமா, என் பணம் பத்திரமாத்தானே இருக்கு?"

அந்தப் பெண் பேரேட்டைப் புரட்டி, ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"ரொம்பப் பத்திரம் சார். பல் டாக்டரோட மூலை வீட்டை வாங்கறதுக்கு ஒரு மெத்தைக் கடைக்காரருக்குக் கடனாக் கொடுத்திருக்கோம்."